முதல், பெரிய, நீளமான, தென்கோடி: குமரி மாவட்டத்தில் தேர்வுக்குப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குரூப் 4, ரயில்வே, போலீஸ் தேர்வு என்று நம் மாவட்டத்தில் ராப்பகலாகப் படிக்கிற பிள்ளைகள் நிறைய. பொது அறிவில் அவர்களுக்கு மார்க் அதிகம் போவது "முதல் யார்", "பெரியது எது" என்ற கேள்விகளில்தான். பெயரை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் எந்த எல்லைக்குள் சரி என்று பார்ப்பதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவா சமஸ்தானமா, மாநிலமா நாடா, ஆணா பெண்ணா, எந்த ஆண்டு வரை என்பது மாறினால் விடையும் மாறிவிடும். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மாவட்டம் நம்முடையது. அதனால் குழப்பம் நமக்குக் கொஞ்சம் கூடுதல். அந்த வரலாறு தெரிந்தவனுக்கு அதுவே கைகொடுக்கும். மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரியா, இந்திரா முனையா?

"இந்தியாவின்" என்று மட்டும் கேட்டால் இந்திரா முனை. "இந்திய நிலப்பகுதியின்" அல்லது "தீபகற்பத்தின்" என்று கேட்டால் கன்னியாகுமரி. நம் முனை ஏறத்தாழ 8 டிகிரி 4 நிமிட வட அட்சரேகையில் இருக்கிறது. கிரேட் நிக்கோபார் தீவின் இந்திரா முனை 6 டிகிரி 45 நிமிடத்தில், அதாவது இன்னும் தெற்கே. அதன் பழைய பெயர் பிக்மேலியன் முனை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் அங்கே நிலமே தாழ்ந்து கடல் உள்ளே வந்தது. அதே நாளில்தான் நம் குளச்சலும் மணக்குடியும் சிதைந்தன. இரண்டு தென்கோடிகளையும் ஒரே அலை அடித்தது என்று நினைவில் வைத்தால் பிறகு மறக்காது.

மாவட்டம் உருவானது நவம்பர் 1. அப்படியானால் தமிழ்நாடு நாள் ஏன் ஜூலை 18?

மூன்று தேதிகளைத் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது. அன்றைக்கு "தமிழ்நாடு" என்ற பெயரில் மாநிலமே இல்லை. 1967 ஜூலை 18 அன்று அண்ணா முதல்வராக இருந்தபோது பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14 அன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. அரசு கொண்டாடும் தமிழ்நாடு நாள், தீர்மானம் நிறைவேறிய ஜூலை 18.

நவம்பர் 1 நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. புதுக்கடையையும் மார்த்தாண்டத்தையும் கடந்து போகிற பிள்ளைகள் அந்தத் தேதியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதைத் தேர்வுக்காக மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்று: தாலுகா எத்தனை என்று கேட்டால் நான்கு என்பது 1956-க்கான விடை. இப்போது கிள்ளியூரும் திருவட்டாறும் சேர்ந்து ஆறு.

தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார்? ஒவ்வொரு கைடிலும் ஒவ்வொரு பெயர் இருக்கிறதே?

கைடுகள் மூன்று வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன. சென்னை மாகாணத்தின் முதல் முதன்மை அமைச்சர், 1920-ல், சுப்பராயலு ரெட்டியார். நாடு விடுதலை அடைந்தபோது பதவியில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். "தமிழ்நாடு" என்ற பெயர் வந்தபோது முதல்வராக இருந்தவர் அண்ணா. அந்தப் பெயரில் அவர் ஆண்டது 1969 ஜனவரி 14 முதல் பிப்ரவரி 3 அன்று காலமாகும் வரை, மூன்று வாரங்கள்தான். முதல் பெண் முதல்வர் ஜானகி ராமச்சந்திரன், 1988.

குளச்சல் போர்தான் ஆசியாவில் ஐரோப்பியர் தோற்ற முதல் போரா?

இந்தக் கேள்வியில் உள்ளூர்ப் பெருமை கலந்திருக்கிறது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் தோற்கடித்தது. மிளகு வணிகத்துக்கான போட்டிதான் அடிப்படை. தோற்றவர்களில் சிறைப்பட்ட அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படையிலேயே சேர்ந்தார். ஐரோப்பிய முறைப்படி அதற்குப் பயிற்சி கொடுத்து, பெரிய தளபதியாக உயர்ந்து, 1777-ல் இறந்தார். புலியூர்க்குறிச்சி அருகே உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு உண்டு.

"ஆசியாவிலேயே முதல்" என்று பலர் எழுதுகிறார்கள். அது நிற்காது. 1662-லேயே தைவானில் செலாந்தியா கோட்டையைச் சீனத் தளபதி கோக்சிங்கா டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்துவிட்டார். அதற்கு எண்பது ஆண்டு பிந்தியது குளச்சல். நம் போரின் மதிப்பு இதனால் குறையாது. இந்திய மண்ணில் டச்சுக்காரர்களின் கனவை உடைத்த போர் இது. மலபார்க் கரையில் அவர்கள் செல்வாக்கு அதன்பிறகு சரிந்தது. தேர்வில் "குளச்சல் போர் யார் யாருக்கு இடையே, எந்த ஆண்டு" என்றுதான் பெரும்பாலும் வரும். பேச்சுப் போட்டிக்கு எழுதுகிறவர்கள் மட்டும் "ஆசியாவில் முதல்" என்பதை எடுத்துவிடுங்கள்.

முதல் இந்தியப் புனிதர் தேவசகாயமா, அல்போன்சாவா?

இருவருமே இல்லை. எல்லைக்கு ஏற்ப விடை மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் பிறந்து கத்தோலிக்கத் திருச்சபையில் முதலில் புனிதர் பட்டம் பெற்றவர் கொன்சாலோ கார்சியா. மும்பைக்கு அருகில் வசாய் என்ற ஊரில் பிறந்தவர், 1597-ல் ஜப்பானின் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்டவர், 1862-ல் பட்டம் பெற்றார். பெண்களில் முதல்வர் கேரளத்தின் அல்போன்சா, 2008. அன்னை தெரசா 2016-ல் புனிதரானார். அவர் பிறந்தது ஸ்கோப்யே நகரில், இந்தியக் குடியுரிமை பெற்றவர்.

நம் தேவசகாயம், இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். அதாவது குருவாகவோ துறவியாகவோ இல்லாமல் குடும்ப வாழ்க்கையில் இருந்தவர்களில் முதல்வர். 1712-ல் நட்டாலத்தில் பிறந்தார். நீலகண்ட பிள்ளை என்பது பழைய பெயர். குளச்சலில் சிறைப்பட்ட அதே டிலனாயின் பழக்கத்தால்தான் கிறிஸ்தவத்தை அறிந்தார், 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு பெற்றார். அதன் பிறகு பல ஆண்டு சித்திரவதை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. 2012-ல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம், 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டம்.

அப்துல் கலாம் இஸ்ரோ தலைவராக இருந்தாரா? நம் மாவட்டத்திலிருந்து யார் இருந்தார்கள்?

கலாம் இஸ்ரோ தலைவராக ஒருபோதும் இருந்ததில்லை. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து சென்ற எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் திட்ட இயக்குநர் அவர். அப்போது தலைவர் சதீஷ் தவான். கலாம் பின்னர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார், 2002-ல் குடியரசுத் தலைவரானார். இஸ்ரோவின் முதல் தலைவர் விக்ரம் சாராபாய். இஸ்ரோ தொடங்கிய நாள் 1969 ஆகஸ்ட் 15.

நம் மாவட்டத்துப் பெயர்களில் இரண்டைச் சொல்கிறேன். சரக்கல்விளையைச் சேர்ந்த கே. சிவன் 2018 ஜனவரி முதல் 2022 ஜனவரி வரை தலைவர். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். நாகர்கோவில் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் பட்டம், பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். சந்திரயான்-2 அவர் காலத்தில் 2019 ஜூலை 22 அன்று ஏவப்பட்டது. இன்னொருவர் மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணன், 2025 ஜனவரியில் பொறுப்பேற்றார். கடுங்குளிர் எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சின்கள் அவர் துறை. "தமிழ் மீடியம் படித்தால் என்ன ஆகிவிடப் போகிறது" என்று கேட்கிற பெற்றோருக்கு இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 அன்று தலைவராக இருந்தவர் சோமநாத். திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. தலைவர் யார், திட்ட இயக்குநர் யார் என்று வினாத்தாள் பிரித்துக் கேட்கும், கவனம்.

இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை மையம் இருக்கிற மகேந்திரகிரி நம் மாவட்டமா?

இல்லை, திருநெல்வேலி மாவட்டம். நாகர்கோவிலிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள் என்பதால் பலரும் குமரி என்று நினைத்துவிடுகிறார்கள். குலசேகரன்பட்டினம் ஏவுதளம் தூத்துக்குடி மாவட்டம். நம் ஊர்க் குலசேகரத்தோடு அதைக் குழப்ப வேண்டாம்.

விண்வெளிக்குப் போன முதல் இந்தியர் ராகேஷ் சர்மாதானே? இப்போது சுபான்ஷு சுக்லா பெயரும் சொல்கிறார்களே?

ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3 அன்று சோவியத்தின் சோயுஸ் டி-11 கலத்தில் போன முதல் இந்தியர். சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் இந்தியர். சர்மா தங்கியது சல்யூட்-7 நிலையத்தில். கல்பனா சாவ்லா இந்தியாவில் பிறந்து விண்வெளிக்குப் போன முதல் பெண், போனது அமெரிக்கக் குடிமகளாக.

முதல் பெண் நீதிபதி யார்?

உச்ச நீதிமன்றம் என்றால் பாத்திமா பீவி, 1989. உயர் நீதிமன்றம் என்றால் அன்னா சாண்டி, கேரள உயர் நீதிமன்றம், 1959. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி என்றால் லீலா சேத், இமாசலப் பிரதேசம், 1991.

இதில் அன்னா சாண்டியை நம் பிள்ளைகள் அந்நியமாக நினைக்கக் கூடாது. 1937-ல் அவர் முன்சீப்பாக நியமிக்கப்பட்டது திருவிதாங்கூர் அரசில். அன்றைக்கு நம் நான்கு தாலுகாக்களும் அந்த அரசின் கீழ்தான் இருந்தன. பாத்திமா பீவியும் திருவிதாங்கூரில் பத்தனம்திட்டைக்காரர். 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தார், அந்தப் பதவியில் முதல் பெண்.

சட்டமன்றத்துக்கும் இதே மாதிரிதான். முத்துலட்சுமி ரெட்டி பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், 1927-ல் சென்னை மாகாணச் சட்டசபையில். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அதற்கு முன்பே டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் உறுப்பினராக நியமிக்கப்பட்டிருந்தார். அதனால்தான் நல்ல வினாத்தாள்கள் "பிரிட்டிஷ் இந்தியாவின்" என்று சேர்த்துக் கேட்கின்றன. அந்த இரண்டு சொல்லைத் தாண்டிப் படித்துவிடாதீர்கள்.

முதல் பெண் ஆளுநர்?

சரோஜினி நாயுடு, ஐக்கிய மாகாணம், 1947. நாகர்கோவிலில் பிறந்த தமிழிசை சௌந்தரராஜன் தெலங்கானாவின் முதல் பெண் ஆளுநர், 2019.

காமராஜர் விருதுநகர்க்காரர். நாகர்கோவில் எம்.பி. என்று எப்படிச் சொல்கிறார்கள்?

1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகரில் தோற்றார். 1968-ல் நாகர்கோவில் மக்களவை உறுப்பினர் நேசமணி காலமானதால் இடைத்தேர்தல் வந்தது. 1969 தொடக்கத்தில் காமராஜர் இங்கே நின்று வென்றார். 1971-லும் வென்றார். 1975 அக்டோபர் 2 அன்று காலமானபோது நம் தொகுதியின் உறுப்பினர் அவர். அப்பச்சி என்று அவரைச் சொல்லி இன்றும் கண் கலங்குகிற பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். பாரத ரத்னா அவருக்கு மறைவுக்குப் பின் 1976-ல் கிடைத்தது. அந்த விருதை 1954-ல் முதலில் பெற்ற மூவர் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன்.

விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, கண்ணாடிப் பாலம்: தேதிகள் சுருக்கமாக?

விவேகானந்தர் பாறையில் தியானம் செய்தது 1892 டிசம்பர் இறுதியில். சிகாகோ சொற்பொழிவு அடுத்த ஆண்டு, 1893 செப்டம்பர் 11. முன்பின் மாற்றி எழுதுகிறவர்கள் பலர். நினைவு மண்டபம் 1970-ல் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி திறந்தது. கட்டுவதற்கு ஓடியாடி உழைத்தவர் ஏக்நாத் ரானடே.

வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1. சிற்பி கணபதி ஸ்தபதி. மொத்த உயரம் 133 அடி, அதிகாரங்களின் எண்ணிக்கை. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். அதன் மேல் சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து. கணக்கை நினைவில் வைத்தால் உயரம் தானாக வரும். உலகின் உயரமான சிலை எது என்றால் குஜராத்தின் படேல் சிலை, 182 மீட்டர். வள்ளுவர் ஏறத்தாழ 40 மீட்டர்.

இரண்டு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர்.

காந்தி மண்டபம் 1956. காந்தியின் அஸ்தி வைக்கப்பட்ட இடத்தில் அக்டோபர் 2 அன்று நண்பகல் வெயில் விழும்படி கூரையில் துளை வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

நாட்டின் நீளமான சாலையும் ரயிலும் இங்கேதான் முடிகின்றனவா?

ஆம், இரண்டும். தேசிய நெடுஞ்சாலை 44 ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை. பழைய கைடில் "தேசிய நெடுஞ்சாலை 7, வாரணாசி முதல் கன்னியாகுமரி" என்று இருக்கும். 2010-ல் எண்களை மாற்றினார்கள், பழைய விடையை அடித்துவிடுங்கள். ரயிலில், திப்ருகர்–கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ், 4,100 கிலோமீட்டருக்கு மேல். உலகத்தில் என்று கேட்டால் மாஸ்கோ–விளாதிவோஸ்தோக் பாதை, 9,289 கிலோமீட்டர்.

எழுத்தறிவில் குமரி முதலிடமா?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மாவட்டங்களில் முதலிடம், 91.75 சதவீதம். ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள். பாலின விகிதத்தில் 1,000 ஆண்களுக்கு 1,019 பெண்கள், ஆனால் முதலிடம் நீலகிரிக்கு. "சென்னைக்கு அடுத்துச் சிறிய மாவட்டம் குமரி" என்பதும் பழைய பதில்தான். மயிலாடுதுறை மாவட்டம் பிரிந்த பிறகு அது பொருந்தாது.

மணவாளக்குறிச்சி மணலில் அப்படி என்ன இருக்கிறது?

மோனசைட், இல்மனைட், சிர்க்கான், ரூட்டைல். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அதனால்தான் அணுசக்திப் பாடத்தில் நம் ஊர்ப் பெயர் வருகிறது.

கண்டுபிடித்த விதம் சுவையானது. நூறு ஆண்டுக்கு முன் ஐரோப்பாவில் வாயு விளக்கு எரிக்கத் தோரியம் தோய்த்த மேண்டில் தேவைப்பட்டது. கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ் லைட்டில் கட்டுவார்களே, அந்த மேண்டில்தான். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல் துகளைப் பார்த்து, ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் 1909-ல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட்டைக் கண்டறிந்தார். இப்போது அங்கே மணலைப் பிரிப்பது மத்திய அரசின் இந்திய அரிய மணல் ஆலை. இந்தப் பெருமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கடலோர ஊர்க்காரர்களுக்குக் கதிர்வீச்சு பற்றியும் கடலரிப்பு பற்றியும் நெடுங்காலமாகக் கவலை இருக்கிறது. தேர்வில் அது வராது, ஆனால் அந்த மணலில் நடக்கிற பிள்ளைகள் இரண்டையும் தெரிந்து வளர வேண்டும் என்பது என் கருத்து.

ராம்சார் ஈரநிலங்கள் குமரியில் எவை?

சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூரும், இரண்டும் 2022-ல் பட்டியலில் சேர்ந்தன. இந்தியாவின் முதல் இரண்டு சில்கா ஏரியும் கேவலாதேவும், 1981. தமிழ்நாட்டின் முதலாவது கோடியக்கரை, 2002. ராம்சார் என்பது ஈரானில் ஓர் ஊர், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தம் அங்கே 1971 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தானது. அதனால் உலக ஈரநில நாள் பிப்ரவரி 2.

மாவட்டத்தின் புவிசார் குறியீடு பெற்ற பொருட்கள்?

மட்டி வாழைப்பழம், கன்னியாகுமரிக் கிராம்பு, ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, நாகர்கோவில் கோயில் நகை, தோவாளை மாணிக்க மாலை. நாட்டிலேயே முதலில் இந்தக் குறியீடு பெற்றது டார்ஜிலிங் தேயிலை.

கோயில் நுழைவு முதலில் எங்கே?

சமஸ்தானம் முழுமைக்குமாக எல்லாச் சாதி இந்துக்களுக்கும் அரசுக் கோயில்களைத் திறந்து ஆணையிட்டது திருவிதாங்கூர், 1936 நவம்பர் 12. மன்னர் சித்திரைத் திருநாள். சுசீந்திரம் கோயிலும் அதில் அடங்கும். அதற்கு முன் 1924-ல் வைக்கம் போராட்டம், 1926 முதல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் என்று மக்கள் தெருவில் நின்றதால் வந்த ஆணை அது. மன்னர் பெயரை மட்டும் எழுதி நிறுத்துகிற விடை எனக்கு அரைகுறை விடைதான். அதற்கும் முன்னால் தோள்சீலைப் போராட்டம் இருக்கிறது, மேலாடை உரிமைக்கான அரசாணை 1859. சாமித்தோப்பில் வைகுண்டர் எல்லோரையும் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னது அதற்கும் முன், அவர் மறைந்தது 1851.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருக்கிறது. டிக்கெட் ஏன் கேரள அரசு தருகிறது?

1956-ல் எல்லை பிரிந்தபோது நிலம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அரண்மனையின் உடைமையும் பராமரிப்பும் கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் ஆட்சி நடந்த இடம் அது. ரயிலிலும் இப்படி ஒன்று உண்டு: நம் மாவட்டத்து ரயில் நிலையங்கள் திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழ் வருகின்றன. ரயில்வே தேர்வு எழுதுகிறவர்கள் இதை மதுரைக் கோட்டம் என்று குறித்து மார்க்கை விட்டுவிடாதீர்கள்.